கேள்வித்தாளையும் சோதித்தறிய வேண்டும்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளின் வாழ்வு நலத்தை அளப்பது பற்றி ஒரு பாடம்



மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒருவரைக் குறித்து, "அவர் இப்போது எப்படி இருக்கிறார்?" என்று நீங்கள் விசாரித்தால், மருத்துவமனையில் பதில் தயாராக இருக்கும். கட்டி முழுமையாக எடுக்கப்பட்டது, தையல் ஆறியது, ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, இரண்டு வருடமாக வியாதி திரும்பவில்லை. இவை யாவும் மெய்யே. ஆயினும் இவை கட்டியைப் பற்றிய பதில்கள். நீங்கள் கேட்டதோ அந்த மனிதரைப் பற்றி.

2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் அந்த ஒரே வருடத்தில் சுமார் 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இந்தியாவில் சுமார் 65 ஆயிரம் பேர். மேல்நாடுகளோடு ஒப்பிட்டால் நம் நாட்டில் இந்நோய் குறைவு. ஆனால் வருகிறவர்களில் மலக்குடலில் கட்டி உள்ளவர்களின் பங்கு இங்கே அதிகம். பையோடு வாழ்வது, மலத்தை அடக்க முடியாமல் தவிப்பது போன்ற தொல்லைகள் பெரும்பாலும் மலக்குடல் சிகிச்சைக்குப் பின்னரே வருகின்றன. ஆகையால் இந்தப் பாடம் நமக்கு மிகவும் பொருந்தும்.

படவேட்டில் உள்ள ஒருவரை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். படவேடு என்றதும் பலருக்கு ரேணுகாம்பாள் கோவிலும் ஆடி மாதக் கூட்டமும் நினைவுக்கு வரும். சரித்திரம் படித்தவர்களுக்கு அது சம்புவராயர்களின் தலைநகர். திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், நெல்லும் வாழையும் விளைகிற ஊர். நம் மனிதருக்கு ஐம்பது வயது, வாழைத் தோட்டத்தில் வேலை. (உண்மையில் வாழும் எவரையும் இவர் குறிக்கவில்லை. பாடத்துக்காக நாமே வைத்துக்கொண்ட ஆள்.) கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தபடியால் மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்தே அகற்றி, வயிற்றின் இடப்பக்கம் மலம் வெளியேற நிரந்தர வழி வைத்து, அதன்மேல் பை ஒட்டி அனுப்பியாயிற்று. 1908இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற அறுவை மருத்துவர் எழுதி வைத்த முறையின் வழி வந்த சிகிச்சை இது.

மறு பரிசோதனைக்கு வருகிறார். "எப்படி இருக்கீங்க ஐயா?" "நல்லா இருக்கேன் டாக்டர், உங்க புண்ணியத்துல." டாக்டர் சீட்டில் 'நலம்' என்று எழுதுகிறார். அவர் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து ஆறு மாதமாகிறது. வாழைத்தார் தூக்குவதை விட்டுவிட்டார். பஸ்ஸில் ஏறினால் காற்றுப் பிரியும் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்குமோ என்ற பயம். இராத்திரியில் திண்ணையில் தனியே படுக்கிறார். டாக்டர் அவற்றைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வியாதியஸ்தரின் நிலையை மருத்துவரே மதிப்பிட்டு எண் போடும் வழக்கம் பழையது. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் கார்னாஃப்ஸ்கி என்பவர் வகுத்த 0 முதல் 100 வரையான அளவுகோல் இன்றும் வழக்கில் உள்ளது. ஆனால் மருத்துவர் போடும் எண்ணும் வியாதியஸ்தர் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் எண்ணும் சரியாக ஒத்துப்போவதில்லை என்பதை 1988இல் ஸ்லெவினும் அவருடைய உடன் மருத்துவர்களும் இங்கிலாந்தில் எடுத்துக்காட்டினர். அளக்க வேண்டுமானால் வியாதியஸ்தரையே கேட்க வேண்டும் என்ற கருத்து அக்காலத்தில் வலுப்பெற்றது.

அப்படிப் பிறந்த கேள்வித்தாள்களில் மிகப் பரவலானது, பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பியப் புற்றுநோய் ஆராய்ச்சி சிகிச்சை அமைப்பு உருவாக்கியது. சி-30 என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 30 கேள்விகள். 13 நாடுகளைச் சேர்ந்த 305 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் சோதித்து 1993இல் வெளியிட்டார்கள். நிரப்புவதற்குச் சராசரியாகப் பதினொரு நிமிடம் ஆயிற்றாம். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் உள்ளது, தமிழிலும் கிடைக்கிறது. இது எல்லாப் புற்றுநோய்க்கும் பொதுவான தாள். குடல் புற்றுநோயாளிகளுக்கென்று கூடுதலாக ஒரு தாள் 1999இல் 38 கேள்விகளோடு வந்தது. பின்பு அதைத் திருத்திச் சுருக்கி 29 கேள்விகளாக்கி, 351 பேரிடம் சோதித்து 2009இல் வெளியிட்டனர். அதுவே சி.ஆர்-29. மலத்தில் இரத்தம் அல்லது சீதம், அடிக்கடி சிறுநீர், பையில் கசிவு, பையைச் சுற்றித் தோல் புண், தன் உடலைப் பற்றி அதிருப்தி, தாம்பத்திய விஷயம் என்று நம் படவேட்டு மனிதர் சொல்லாமல் விட்டவற்றையெல்லாம் அது கேட்கிறது.

பதில்கள் எப்படி எண்ணாகின்றன என்று ஒரு உதாரணம் பார்ப்போம். பெரும்பாலான கேள்விகளுக்கு நான்கு விடைகள்: இல்லவே இல்லை (1), கொஞ்சம் (2), அதிகம் (3), மிக அதிகம் (4). களைப்பைப் பற்றி மூன்று கேள்விகள் உண்டு. நம் மனிதர் 2, 3, 3 என்று சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 2.67. அதில் ஒன்றைக் கழித்து, மூன்றால் வகுத்து, நூறால் பெருக்கினால் சுமார் 56. நூற்றுக்கு 56 அளவு களைப்பு. மூன்று மாதம் கழித்து மூன்று கேள்விக்கும் 2 என்று சொன்னால் 33 வரும். குறைந்தது 22 அல்லது 23 புள்ளி. ஓசோபா என்பவரும் மற்றவர்களும் 1998இல் கண்டறிந்தபடி, 5 முதல் 10 புள்ளி மாறினால் வியாதியஸ்தர் சிறிது மாற்றம் உணருகிறார், 10 முதல் 20 வரை என்றால் நடுத்தர மாற்றம், 20க்கு மேல் என்றால் பெரிய மாற்றம். ஆகவே இவருடைய களைப்பு நன்றாகவே குறைந்திருக்கிறது என்று சொல்லலாம்.

சொல்லலாமா? அதுதான் இந்தப் பாடத்தின் கேள்வி.

மலையிலிருந்து புளியும் சாமையும் கொண்டுவந்து சந்தையில் போடுகிறவர், வியாபாரியின் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். எண் காட்டுகிறது என்பதனால் மட்டும் தராசு சரியானதாகிவிடாது. கேள்வித்தாளும் அப்படியே. பிரஸ்ஸல்ஸில் முத்திரை குத்தப்பட்ட தாள், மொழி மாறி, நாடு மாறி, ஜவ்வாது மலையடிவாரத்துக்கு வந்து சேரும்போது அதே எடையைக் காட்டுகிறதா என்று திரும்பவும் சோதிக்க வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வார்த்தைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று நம்பகத் தன்மை: மாறாத ஒன்றை இருமுறை அளந்தால் அதே எண் வருகிறதா? மற்றது ஏற்புடைமை: எதை அளப்பதாகச் சொல்கிறோமோ அதையே அளக்கிறதா?

முதல் படி மொழிபெயர்ப்பு. இருவர் தனித்தனியே தமிழாக்கம் செய்து, இரண்டையும் ஒத்துப் பார்த்து ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பாராத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். பொருள் எங்கே நழுவியது என்று அதில் தெரியும். பிறகு பத்துப் பதினைந்து வியாதியஸ்தரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியிலும் "இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று விசாரிக்க வேண்டும். ஐரோப்பிய அமைப்பின் முறை இதுவே. அவர்கள் அனுமதியின்றி ஒரு வார்த்தையையும் நாமாக மாற்றலாகாது.

மொழிபெயர்ப்பு என்றால் அகராதி வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. சி-30இன் முதல் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். கனமான கடைச் சாமான் பையோ சூட்கேஸோ தூக்குவது போன்ற கடினமான வேலைகளில் சிரமம் உண்டா என்பது அதன் பொருள். சூட்கேஸ் தூக்கியே இராதவர் "இல்லை" என்பார், அவர் பலசாலியாகக் கணக்கில் ஏறுவார். தண்ணீர்க் குடம், நெல் மூட்டை, வாழைத்தார் என்றால் உடனே புரியும். 'பை' என்ற வார்த்தையில் வேறொரு சங்கடம். வயிற்றில் பை மாட்டியிருப்பவரிடம் "கனமான பை" என்று கேட்டால் அவர் எந்தப் பையை நினைப்பார்?

'சோர்வு' இன்னும் கடினம். உடல் அசதியும் சோர்வுதான், மனம் உடைந்து கிடப்பதும் சோர்வுதான். ஆங்கிலத் தாளில் இவை வேறு வேறு பகுதிகளில் இருக்கின்றன, வேறு வேறு எண்ணாகின்றன. தமிழில் இரண்டுக்கும் 'சோர்வு' என்றே எழுதிவிட்டால், மனத்துயரத்தில் இருப்பவர் களைப்பில் இருப்பவராகக் கணக்காவார். அவருக்கு இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கும், ஆறுதலாகப் பேச ஆள் கிடைக்காது.

'சமூக நடவடிக்கைகள்' என்று எழுதினால் கட்சிக் கூட்டமா, சங்கமா என்று கேட்பார்கள். "நல்லது கெட்டதுக்குப் போய் வர முடியுதா?" என்றால் கல்யாணம், சாவு, திருவிழா, ஞாயிறு ஆராதனை எல்லாம் அதில் அடங்கிவிடும். நான்கு விடைகளில் 'கொஞ்சம்' என்பதற்கும் 'அதிகம்' என்பதற்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதிலும் பலர் தடுமாறுவார்கள். நம் மக்கள் ரூபாய்க்கணக்கில் சொல்வார்கள், "ரூபாய்க்கு எட்டணா தேவலை டாக்டர்" என்று. இந்த அளவுகோலை எந்த நிபுணரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

தலைப்பிலேயே ஒரு தடுமாற்றம் உண்டு. பத்திரிகைகள் 'வாழ்க்கைத் தரம்' என்று எழுதும்போது வருமானம், வீடு, வசதி இவைகளே பெரும்பாலும் மனதில் தோன்றுகின்றன. ஆகவேதான் இக்கட்டுரையில் 'வாழ்வு நலம்' என்று எழுதுகிறோம்.

ஜவ்வாது மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரையும் மறக்கலாகாது. பேர்தான் மலையாளி, கேரளத்தவரல்லர், மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வார்கள். அவர்கள் பேசுவதும் தமிழே, ஆனாலும் பேச்சு நடை வேறு. அடிவாரத்தில் புரிந்த வார்த்தை மேலே புரியுமா என்று தனியாக விசாரிக்க வேண்டும். சென்னையில் சோதித்தாயிற்று, தமிழ்நாடு முழுவதற்கும் போதும் என்று விட்டுவிடுவது சரியல்ல.

மொழி முடிந்தபின் கணக்கு. கேள்வி ஒன்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வேண்டும் என்பது பொது வழக்கு. 29 கேள்விக்கு 150 முதல் 300 பேர். ஒரே விஷயத்தைக் கேட்கும் கேள்விகள் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றனவா என்று 1951இல் க்ரோன்பாக் தந்த ஆல்ஃபா என்ற எண்ணால் பார்ப்பார்கள். 0.70க்கு மேல் இருந்தால் ஏற்பார்கள். ஒவ்வொரு கேள்வியும் தன் பகுதியோடு குறைந்தது 0.40 அளவு உறவு காட்ட வேண்டும், வேறு பகுதியோடு அதைவிடக் குறைவாகவே காட்ட வேண்டும். மேலே சொன்ன 'சோர்வு' குழப்பம் இந்தக் கணக்கில் அகப்பட்டுவிடும். பிறகு, வேறுபட்டிருக்க வேண்டியவர்களைத் தாள் வேறுபடுத்திக் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். கீமோ ஏற்றிக்கொண்டிருப்பவரும் சிகிச்சை முடிந்து ஒரு வருடமானவரும் ஒரே எண் வாங்கினால் தராசில் ஏதோ கோளாறு.

இவ்வளவு பாடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சிகிச்சை முடிவுகள் இதன்மேல் நிற்கின்றன. பை வைப்பதே மலக்குடல் நோயாளிக்கு நேரும் ஆகப் பெரிய துன்பம் என்று அறுவை மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள், எப்பாடுபட்டாவது ஆசனவாயைக் காப்பாற்றினார்கள். 2012இல் வெளியான காக்ரேன் தொகுப்பு, 5127 பேரை உள்ளடக்கிய 35 ஆய்வுகளை ஒருசேரப் பார்த்தது. நிரந்தரப் பை இல்லாதவர்களின் வாழ்வு நலமே மேலானது என்று உறுதியாகச் சொல்ல அவற்றில் ஆதாரம் கிடைக்கவில்லை. காரணம் விளங்காததல்ல. கட்டியை எடுத்துக் குடலைக் கீழே இணைத்தவர்களில் பலர், ஒரு நாளைக்குப் பலமுறை ஓடுகிறார்கள், அடக்க முடிவதில்லை, போய்வந்த பத்து நிமிடத்தில் மறுபடியும் போக வேண்டியிருக்கிறது. இதற்கென்றே டென்மார்க்கில் 2012இல் ஐந்தே கேள்வி கொண்ட ஒரு தாள் செய்தார்கள். 0 முதல் 42 வரை எண், 30 அல்லது அதற்கு மேல் போனால் கடுமையான தொல்லை.

இந்த முடிவை அப்படியே படவேட்டுக்குக் கொண்டுவரலாமா? அங்கே, வீட்டுக்குள் கழிப்பறையும் குழாயில் தண்ணீரும், மாட்டிக் கழற்றி எறியப் புதுப் பையும் இருப்பவர்களின் பதில்கள் அவை. இங்கே பையைக் கழுவித் திரும்ப மாட்டுகிறவர் உண்டு. குத்தவைத்து உட்கார வேண்டிய கழிப்பறை. குனிந்து களையெடுக்கும் வேலை. மறுபுறம், வயலில் வேலை செய்கிறவருக்கு ஒரு நாளைக்குப் பத்துமுறை ஓடுவதைவிடப் பை எளிதாகவும் இருக்கலாம். எது மெய் என்பதை இங்குள்ளவர்களிடம், இங்கே சோதிக்கப்பட்ட தாளைக்கொண்டு கேட்டால்தான் தெரியும். அதன்பின் ஒரு நாற்பது வயதுத் தாயிடம், "இந்த ஆபரேஷனா, அந்த ஆபரேஷனா?" என்று மருத்துவர் பேசும்போது அவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

தமிழில் இம்முயற்சி புதிதல்ல. உலக சுகாதார நிறுவனம் 1991இல் தொடங்கிய வாழ்வு நலத் திட்டத்தில் ஆரம்பத்தில் பங்கேற்ற பதினைந்து மையங்களில் சென்னையும் ஒன்று. எங்கோ எழுதி எல்லாருக்கும் மொழிபெயர்க்காமல், பல நாடுகளிலும் ஒரே காலத்தில் மக்களைக் கேட்டுக் கேள்விகளை உண்டாக்கினார்கள். அதனால்தானோ என்னவோ, மற்ற பல தாள்களில் இல்லாத ஆவிக்குரிய நம்பிக்கை பற்றிய பகுதியும் அதில் இடம்பெற்றது. புற்றுநோய்க்கென்றால், முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் விதுபாலாவும் உடன் பணியாளர்களும் நம் நாட்டு வியாதியஸ்தருக்கென்றே ஒரு கேள்வித்தாள் செய்து, சோதித்து, 2005இல் இந்தியப் புற்றுநோய் ஆய்விதழில் வெளியிட்டார்கள். குடும்ப உறவு, பணநிலை, நம்பிக்கை, மருத்துவரோடு உள்ள உறவு ஆகியவையும் அதில் அளக்கப்படுகின்றன. இவற்றை விட்டுவிட்டு நம்மிடையே வாழ்வு நலத்தைப் பேச முடியாது.

இனி, காணிக்கை கொடுக்கிறவர்களாகிய உங்களைத் தொடும் விஷயத்துக்கு வருகிறோம். பணத்தைப் பற்றிச் சி-30இல் ஒரேயொரு கேள்வி உண்டு. நோயினாலோ சிகிச்சையினாலோ பணக் கஷ்டம் வந்ததா என்று. தர்ம நிதியிலோ அரசாங்கக் காப்பீட்டிலோ சிகிச்சை பெற்றவர் "இல்லைங்க, எல்லாம் நீங்களே பார்த்துக்கிட்டீங்க" என்பார். போன கூலி, துணைக்கு வந்த மகனின் கூலி, பஸ் செலவு, அடகு வைத்த கம்மல், ஒன்றும் வெளியே வராது. இலவசமாகச் செய்தவர்களிடம் குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்று நம் ஜனங்கள் எண்ணுகிறார்கள். உங்கள் தயாளமே அவர்கள் வாயைக் கட்டிவிடக்கூடும்.

வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கேள்விகளை ஒருவர் வாசித்துக் கேட்க வேண்டும். யார் கேட்கிறார் என்பது அங்கே பெரிய காரியம். தினமும் புண்ணுக்கு மருந்து வைத்த சிஸ்டரே உட்கார்ந்து "பையினால் உங்களுக்குச் சங்கடமா?" என்றால், "சேச்சே, அதெல்லாம் இல்லம்மா" என்ற பதில்தான் வரும். தாம்பத்தியக் கேள்விகளுக்கோ பதிலே வராது. பல நாட்டு ஆய்வுகளிலும் அதிகம் வெறுமையாக விடப்படுவது அவைகளே. ஆகவே சோதனையின்போது, சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒருவர், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், மனைவியோ மாமியாரோ அருகில் இல்லாத இடத்தில் கேட்பது நல்லது. அதே தாளைச் சிஸ்டர் கேட்டபோது வந்த எண்ணையும் வெளியாள் கேட்டபோது வந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தால், நன்றியுணர்வு எத்தனை புள்ளியை மறைத்தது என்பதும் தெரிந்துவிடும். நம்மைப் போன்ற தர்ம மருத்துவமனைகளுக்கு, ஆல்ஃபாவைவிட இந்த ஒப்பீடு முக்கியமானது என்பது எங்கள் எண்ணம்.

கடைசியாக ஒரு சிறு செலவு. நம்பகத் தன்மையைப் பார்க்க, நிலை மாறாத வியாதியஸ்தரிடம் ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே தாளை மறுபடியும் கேட்க வேண்டும். அந்த இரண்டாம் வருகையினால் வியாதியஸ்தருக்கு எந்த லாபமும் இல்லை. மருந்து இல்லை, ஊசி இல்லை, பரிசோதனை இல்லை. படவேட்டிலிருந்து வருகிறவர் பஸ் பிடித்து வேலூர் வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போகும். மலைமேல் உள்ளவருக்கு இரண்டு நாளும் ஆகலாம். பையோடு பஸ்ஸில் ஏறப் பயப்படுகிறவர்கள் இதில் வராமலே நின்றுவிடுவார்கள். அவர்கள் வராவிட்டால், மிகவும் கஷ்டப்படுகிறவர்களை விட்டுவிட்டுத் தேறியவர்களைக் கொண்டே தராசுக்கு முத்திரை குத்தியதாகும். ஆகையால் இப்படிப்பட்ட ஆய்வுக்கு வரவுசெலவு போடும்போது கம்ப்யூட்டருக்கும் அச்சுக்கும் முன்பாக எழுத வேண்டியவை இரண்டு: வியாதியஸ்தருக்கும் துணையாளுக்கும் பஸ் கட்டணமும் கூலியும், அல்லது கேள்வி கேட்பவரே ஊருக்குப் போய் வரும் செலவு.